அடி அசையாத ட்ரெமலோ: பேஸ் கிடாருக்கு ஒரு பெடலைத் தேர்ந்ததும் திருத்தியதும்

ட்ரெமலோ பெடல் என்பது ஒலியின் அளவைச் சீராகக் கூட்டிக் குறைக்கும், காலால் இயக்கும் பெட்டி. பேஸ் கிடாருக்கு அதைப் பார்க்கப் போகிறவர்கள், ஏற்ற இறக்கத்தின் ஆழத்தை மாற்றும் டெப்த் குமிழை முதலில் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் கேட்க வேண்டும். தடித்த ஈ கம்பியை விரல் வைக்காமல் மீட்டி, பெடலைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். ஒலி துளியும் மாறக் கூடாது. ஒலியின் அடிப்பகுதி, அதாவது தாழ்ந்த பகுதி, மெலிந்தால், மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் அந்தப் பெடல் பேஸுக்கு ஆகாது. அல்லது அதைப் பிரித்துத் திருத்த வேண்டும். நான் திருத்தும் வழியில் போனேன். செய்ததையும் அதற்கான காரணத்தையும் எண்களோடு எழுதி வைக்கிறேன். இதே தேடலில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் குழு சிறியது. ஒரு கீபோர்டு, டிரம்ஸ், என் பேஸ், பாடுகிறவர்கள், அவ்வளவுதான். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வட்டாரத் தேவாலயங்களில் ஆராதனைக்கு வாசிக்கிறோம். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் கல்யாண வரவேற்புகளுக்கும் போகிறோம். லீட் கிடார் கிடையாது. அதனால் மெதுவான பாட்டில் கீபோர்டு ஓயும் இடத்தில் ஒரு வெற்றிடம் விழும். அங்கே பேஸில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து, அது மூச்சு விடுவதைப் போல மெல்ல ஏறி இறங்கும்படி செய்தால் அறை நிறைந்துவிடும். ட்ரெமலோ தேவைப்பட்டது இதற்குத்தான். அதில் சுருதி அசைவதில்லை. கமகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலியின் அளவு மட்டும் சீரான வேகத்தில் கூடிக் குறையும்.

கிடாருக்கென்று வடிவமைத்த ட்ரெமலோவை பேஸில் மாட்டினால் வரும் சிக்கல் முதலில் கணக்கில் தெரியும், பிறகு காதில் தெரியும். நான்கு கம்பி பேஸின் ஈ கம்பி விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஒரு முழு அலைக்கு 24 மில்லி விநாடி பிடிக்கிறது. ட்ரெமலோவை விநாடிக்கு 8 முறை என்ற வேகத்தில் வைத்தால் ஒரு ஏற்ற இறக்கத்துக்கு 125 மில்லி விநாடி. அதற்குள் ஈ கம்பியின் ஐந்து அலைகள்தான் அடங்கும். சாதாரண கிடாரின் மெல்லிய ஈ கம்பியில் அதே நேரத்துக்குள் நாற்பத்தொரு அலைகள் ஓடுகின்றன. அங்கே ஏற்ற இறக்கம் வழவழப்பாகக் கேட்கும். பேஸில் அந்த ஏற்ற இறக்கம் உருப்பெறுவதற்குள் அலைகள் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சுரத்தின் அளவை ஒரு வேகத்தில் கூட்டிக் குறைத்தால், அதன் இரு பக்கமும் அந்த வேகம் அளவுக்குத் தள்ளி இரண்டு புதிய அதிர்வெண்கள் பிறக்கும். 41 ஹெர்ட்ஸ் ஈ சுரத்தை 8 ஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்க வைத்தால் 33 ஹெர்ட்ஸும் 49 ஹெர்ட்ஸும் கூடவே வரும். இவை கிட்டத்தட்ட சி, ஜி என்ற இரண்டு சுரங்களின் இடம். அவ்வளவு தாழ்வான இடத்தில் காது அவற்றைத் தனித்தனிச் சுரங்களாகப் பிரித்துக் கேட்பதில்லை. ஒரு கரடான உறுமலாக மட்டும் கேட்கிறது. வேகமான ட்ரெமலோவில் பேஸ் ஏன் சேறாகிறது என்று பலர் கேட்பார்கள், விடை இதுதான். பேஸுக்கு விநாடிக்கு 2 முதல் 4 வரை போதும். பெடலின் வேகக் குமிழ் அந்தத் தாழ்ந்த எல்லையில் நுணுக்கமாகத் திரும்புகிறதா என்று பார்ப்பது, அது எவ்வளவு வேகம் போகும் என்று பார்ப்பதைவிட முக்கியம்.

காதின் இயல்பும் இதில் சேர்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் சிறிய ஒலி மாற்றமே பெரிதாகத் தோன்றும். 1000 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்தால் உணர்கிற சரிவை, 40 ஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் இறக்கமே தந்துவிடுகிறது. ஆகவே கிடாரில் மிதமாகக் கேட்கும் ஆழம் பேஸில் பள்ளமாகக் கேட்கும். குழுவில் வாசிக்கும்போது இதன் விளைவு கடுமையானது. டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தைத் தாங்குவது பேஸின் முதல் தட்டு. அந்தத் தட்டு ட்ரெமலோவின் இறக்கத்தில் விழுந்தால் பாடுகிறவர் தடுமாறுவார். வேகத்தைத் தாளத்தோடு பொருத்த டேப் டெம்போ (காலால் தட்டி வேகத்தைப் பதிக்கும் வசதி) உள்ள பெடல் வாங்குங்கள் என்பார்கள். எங்கள் ஆராதனையில் போதகர் கை உயர்த்தினால் தாளம் இழுபடும், கை தட்டல் கூடினால் முந்தும். அதற்கெல்லாம் காலால் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

இதையெல்லாம் யோசித்த பிறகு என் தேவை ஒரே வரியில் அடங்கியது. அடிச்சுரம் அசையாமல் நிற்க வேண்டும். அதன் மேலே உள்ள இணைச்சுரங்கள் மட்டும் துடிக்க வேண்டும். ஈ கம்பியை மீட்டினால் 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 165 என்று மடங்குகள் அடுக்காக வரும். சிறிய ஸ்பீக்கர்களில் நாம் பேஸைக் கேட்பதே பெரும்பாலும் இந்த மடங்குகள் வழியாகத்தான். துடிப்பு அங்கே இருந்தால் ட்ரெமலோ தெளிவாகக் கேட்கும், தரையும் ஆடாது.

பேஸுக்கென்றே செய்த ட்ரெமலோ பெடல் அரிது. எனவே கிடார் பெடல்களில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டியிருந்தது. ட்ரெமலோவை உருவாக்கும் முறைகள் பல. 1940களில் வந்த டிஆர்மண்ட் கருவியில் மின்சாரம் கடத்தும் திரவம் நிறைந்த சிறு குப்பியை மோட்டார் ஆட்டும். திரவம் உள்ளே உள்ள முனையைத் தொட்டு விலகும்போது ஒலி குறைந்து கூடும். ஃபெண்டர் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தயாரித்த பழுப்பு நிற ஆம்ப்கள் சிலவற்றில் ஒலியைத் தாழ்வு, உயர்வு என்று இரண்டாகப் பிரித்து, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி செய்தார்கள். இதை ஹார்மோனிக் ட்ரெமலோ என்கிறார்கள். 1963இல் வரத் தொடங்கிய கறுப்பு முகப்பு ஆம்ப்களில் நியான் விளக்கும் ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆரும் அந்த வேலையைச் செய்தன. சின்ன ஆம்ப்களில் பவர் வால்வு எவ்வளவு கடத்தும் என்பதைத் தீர்மானிக்கும் பயஸ் மின்னழுத்தத்தையே ஆட்டுவார்கள்.

பேஸ் வாசிக்கும் நண்பர்கள் ஹார்மோனிக் வகையைச் சொல்வார்கள். ஸ்ட்ரைமன் ஃப்ளின்ட், வால்ரஸ் மான்யுமென்ட் இரண்டிலும் அந்த வகை உண்டு. கிடாரில் அது மிக அழகான ஒலி. ஆனால் அதிலும் தாழ்ந்த பாதி தன் முறை வரும்போது இறங்கத்தான் செய்யும். உயர்ந்த பாதி அப்போது ஏறுவதால் மொத்த அளவு நிரவப்பட்டதாகத் தோன்றுகிறதே தவிர, அடிச்சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பாஸ் நிறுவனத்தின் டிஆர்-2 1997 முதல் வருகிறது. ரேட், வேவ், டெப்த் என்று மூன்றே குமிழ்கள். வேவ் குமிழால் முக்கோண அலையிலிருந்து சதுர அலை வரை போகலாம். உறுதியானது, எளிது, எங்கும் பழுது பார்க்க முடிவது. பேஸில் சதுர அலைப் பக்கம் போகாமல் முக்கோணத்திலேயே வைத்தால் நன்றாகவே நடந்துகொள்ளும். மேடையில் அடிக்கடி ஆழத்தைக் கூட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு: ஒலி அளவுக்குத் தனிக் குமிழ் அதில் இல்லை. ட்ரெமலோ எதுவானாலும் இறக்கத்தால் சராசரி ஒலி குறையும். அதை ஈடுகட்டும் குமிழ் உள்ள பெடலையே நான் விரும்புகிறேன்.

தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியவற்றைச் சோதித்த விதத்தைச் சொல்கிறேன். யாரும் வீட்டிலேயே செய்யலாம். கைபேசியில் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றில் 40, 80, 160, 320, 640 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒரே அளவில் எழுப்பி, பெடல் வழியாக மடிக்கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் விட்டேன். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதிந்தேன். பெடல் அணைந்த நிலையில் ஒரு முறை, டெப்த் பூஜ்யத்தில் ஒரு முறை, டெப்த் பாதியில் ஒரு முறை. அலையின் உயரத்தைத் திரையில் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். மலிவான மீட்டர்களின் ஏசி அளவீடு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று அமைந்தது. விட்டு விட்டுத் துடிக்கும் ஒலிக்கு அதன் எண்கள் தள்ளாடும்.

கடைசியில் நான் எடுத்துக்கொண்டது பழைய, எளிய, ஒளி முறையில் இயங்கும் பெடல் ஒன்று. கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்தது. உள்ளே ஒரு எல்இடி, ஒரு எல்டிஆர், டிஎல்072 வகைச் சில்லுகள் இரண்டு. வெளியே வேகம், ஆழம், ஒலி அளவு என்று மூன்று குமிழ்கள். இதை விரும்பியதற்கு முதல் காரணம் எல்டிஆரின் சோம்பல். ஜிஎல்5528 போன்ற சாதாரண எல்டிஆர் வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்க 20 மில்லி விநாடியும், இருட்டுக்குத் திரும்ப 30 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்கிறது. சதுர அலையைக் கொடுத்தாலும் முனைகளை மழுக்கிவிடும். ஸ்பீக்கரை அறைகிற 'டப்' வராது. பேஸுக்கு இது பெரிய நன்மை. அடுத்த காரணம், சர்க்யூட் போர்டில் பாகங்கள் பெரியவை. பற்றவைப்புக் கோல் நுழைய இடம் இருந்தது.

சோதனையில் இதுவும் தோற்றது. டெப்த் பூஜ்யத்தில் 320 ஹெர்ட்ஸ் ஒலி அப்படியே வந்தது. 40 ஹெர்ட்ஸில் அலை ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியது. பிரித்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு நேரே இருந்தது. உள்ளீட்டில் 103 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், அதாவது 0.01 மைக்ரோ ஃபாரட். அதற்குப் பின்னால் 470 கிலோ ஓம். இந்த இணை தாழ்ந்த ஒலியை வெட்டும் இடம் சுமார் 34 ஹெர்ட்ஸ்; அதற்குச் சற்று மேலிருந்தே ஒலி தேயத் தொடங்கும். வெளியீட்டில் 104, அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட், 50 கிலோ ஓம் வால்யூம் குமிழோடு சேர்ந்து 32 ஹெர்ட்ஸில் வெட்டும். சாதாரண கிடாரின் மிகத் தாழ்ந்த சுரமே 82 ஹெர்ட்ஸ் என்பதால் கிடார்க்காரருக்கு இது போதும். பேஸின் ஈ கம்பிக்கு இரண்டும் சேர்ந்து 4.3 டெசிபல் இழப்பு. ஐந்து கம்பி பேஸின் பி கம்பியில், அதாவது 31 ஹெர்ட்ஸில், பாதிக்கும் மேல் போய்விடும்.

உதிரிகளுக்கு ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம்; அங்கிருந்து நடந்துவிடலாம். உள்ளீட்டுக்கு 473 எண் போட்ட, அதாவது 0.047 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், வெளியீட்டுக்கு 1 மைக்ரோ ஃபாரட். இப்போது வெட்டும் இடம் ஒன்றுக்கு 7 ஹெர்ட்ஸ், மற்றொன்றுக்கு 3 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் இழப்பு 0.2 டெசிபலுக்கும் கீழே வந்துவிட்டது. நடுவில் இருந்த கெப்பாசிட்டர்கள் போதுமான அளவு பெரியவை; அவற்றைத் தொடவில்லை. வெளியீட்டில் எலக்ட்ரோலிட்டிக் வைப்பதானால் அதன் நேர்முனை சில்லின் பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே 4.5 வோல்ட் நிற்கிறது. இடம் இருந்ததால் நான் பாலியெஸ்டரே வைத்தேன்.

அடிப்பகுதி திரும்பியதும் அதுவரை மறைந்திருந்த ஒன்று வெளியே வந்தது. கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி வைத்தாலும் ஸ்பீக்கரில் 'டிக், டிக்' என்று மெல்லிய தட்டல். வேகக் குமிழைத் திருப்பினால் தட்டலின் வேகமும் மாறியது. கிடாரின் வால்யூமை முழுதாக மூடினாலும் நிற்கவில்லை. அப்படியானால் அது துடிப்பை உருவாக்கும் அலைவியின் வேலை. அது நிலை மாறும் ஒவ்வொரு கணமும் மின்சாரத்தை ஒரு மிடறு இழுக்கிறது. அந்த இழுப்பு 9 வோல்ட் கம்பி வழியாக ஒலிப் பாதைக்குள் கசிகிறது. ஆராதனையில் எல்லோரும் கண் மூடி அமைதியாக நிற்கும் நேரத்தில் இந்தத் தட்டல் கேட்டால் பொறுக்க முடியாது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஆம்ப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து கை பழகியவர். பெடலைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "முதலில் அந்த மினுக்கும் விளக்கின் ஒரு காலை எடுத்துவிட்டுக் கேள், தம்பி" என்றார். வேகத்தைக் காட்டுவதற்காகப் பெடலின் முகப்பில் மினுக்கும் எல்இடியைச் சொன்னார். காலை எடுத்ததும் தட்டலில் பெரும்பகுதி அடங்கியது. அந்த விளக்குக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மினுக்கலுக்கும் 7 மில்லி ஆம்பியர். "விளக்கு வேண்டும் அண்ணா, மேடை இருட்டில் வேகம் தெரிய வேண்டும்" என்றேன். பிரகாசமான வகை எல்இடி ஒன்றை எடுத்துக் கொடுத்து, 10 கிலோ ஓம் போடச் சொன்னார். இப்போது 0.7 மில்லி ஆம்பியர்தான். இருட்டில் தாராளமாகத் தெரிகிறது. மீதித் தட்டலுக்கு, அலைவிச் சில்லுக்குப் போகும் 9 வோல்ட் தடத்தை வெட்டி, நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து, சில்லின் பக்கம் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைத் தரைக்கு இறக்கினேன். சில்லு இழுக்கும் மிடறை இனி அந்தக் கெப்பாசிட்டரே தருகிறது; ஒலிப் பாதைக்கு அந்த அதிர்ச்சி போவதில்லை. அலைவிக்கும் ஒலிச் சில்லுக்கும் தரைக் கம்பிகளைப் பிரித்து, அடாப்டர் ஜாக்கில் மட்டும் சேர்த்தேன். தட்டல் முற்றிலும் போயிற்று.

ஒளி முறைப் பெடலைப் பிரித்து வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசை மேலே டியூப்லைட் எரிந்தால் அது விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. எல்டிஆரின் உறையில் துளி இடைவெளி இருந்தாலும் அந்த வெளிச்சம் புகுந்து, இல்லாத இரைச்சலை இருப்பதாகக் காட்டும். ஆழமும் தப்பாகத் தெரியும். எல்இடியையும் எல்டிஆரையும் முகத்துக்கு முகம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் கறுப்புக் குழாயால் மூடி, இரு முனைகளையும் கறுப்பு டேப்பால் அடைத்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

அடுத்து ஹம், அதாவது மின்சாரத்தால் ஸ்பீக்கரில் வரும் உறுமல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பேஸ் வாசிப்பவர்களுக்கு இயற்கையே ஒரு சோதனைக் கருவியைக் கொடுத்திருக்கிறது. ஈ கம்பியின் மூன்றாவது கட்டத்தில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் வித்தியாசமான 1 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒலி தானாகவே ஏறி இறங்கும். பெடலை நான் முதலில் கொண்டுபோன தேவாலயத்தில் ட்ரெமலோவை அணைத்த பிறகும் ஜி மட்டும் விநாடிக்கு ஒரு முறை துடித்தது. ஈ துடிக்கவில்லை, ஏ துடிக்கவில்லை. பெடலில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும் அறிகுறி. உண்மையில் அது அங்கிருந்த எர்த்தின் கோளாறு. கீபோர்டும் என் ஆம்பும் வெவ்வேறு பிளக்கில் இருந்தன. இரண்டையும் மிக்சர் கேபிள் இணைத்தது. இரண்டு வழிகளில் எர்த்தோடு சேர்ந்ததால் நடுவில் ஒரு எர்த் வளையம், அதில் சுற்றும் மின்சாரம் ஹம்மாகிறது.

இதே ஜி சுரம் இன்னொன்றையும் பிரித்துச் சொல்லும். அடாப்டரின் உள்ளே மின்சாரத்தை நேராக்கும்போது மிஞ்சும் அலை 50 அல்ல, 100 ஹெர்ட்ஸ். ஜி சுரத்தின் இரட்டிப்பு 98. அப்போது துடிப்பு விநாடிக்கு இரண்டு முறை வரும். ஆகவே டியூனரில் கம்பியைச் சரியாக ஏற்றிவிட்டு, மூன்றாவது கட்டத்தில் ஜியை மெதுவாக மீட்டி, ஒலி தேயும்வரை விட்டுக் கேளுங்கள். விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் எர்த்தையும் கேபிளையும் பாருங்கள். இரண்டு துடிப்பு என்றால் அடாப்டரை மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இந்தச் சோதனை இப்படி அமையாது. அந்தத் தேவாலயத்தில் கீபோர்டையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்கு மாற்றியதும் ஜி அமைதியானது. எர்த் முள்ளைப் பிடுங்கிவிட்டு ஹம்மை நிறுத்தும் வழக்கம் பல மேடைகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்றுகொண்டு உலோகக் கம்பியைத் தொடுகிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான திருத்தத்துக்கு வருகிறேன். இந்தப் பெடலில் ஒலி ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தாண்டி வருகிறது. அந்த இடத்திலிருந்து எல்டிஆர் தரைக்கு இறங்குகிறது. விளக்கு எரியும்போது எல்டிஆர் சுமார் 5 கிலோ ஓமுக்கு இறங்கி, ஒலியைத் தரைக்கு வடித்துவிடும். பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தாழ்வும் உயர்வும் ஒன்றாகவே சாகும். முதலில் எல்டிஆரோடு வரிசையில் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். இறக்கம் பாதி அளவோடு நின்றது. மென்மையாக இருந்தது, ஆனால் துடிப்பின் உயிர் குறைந்தது. அடிச்சுரமும் இன்னும் அசைந்தது.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே இடத்தில் 223 எண் கெப்பாசிட்டர் வைத்தேன். 22 நானோ ஃபாரட், கைவிரல் நகம் அளவு. கெப்பாசிட்டர் தாழ்ந்த ஒலிக்கு வழி விடாது, உயர்ந்த ஒலிக்கு விடும். ஆகவே எல்டிஆர் எவ்வளவுதான் வடித்தாலும் உயர்ந்த பகுதி மட்டுமே தரைக்குப் போகும். இறக்கத்தின் அடிப்புள்ளியில் மிஞ்சுவதைக் கணக்கிட்டால், 41 ஹெர்ட்ஸில் நூற்றுக்கு 96 பங்கு, 82இல் 86, 165இல் 65, 330இல் 40, 660இல் 23. ஆடாசிட்டி திரையில் வந்த அலைகளும் இதை ஒட்டியே இருந்தன. 40 ஹெர்ட்ஸ் அலை மேலும் கீழும் நேர்க்கோடு பிடித்தாற்போல நின்றது. 640 ஹெர்ட்ஸ் அலை ஆழமான இடுப்பு விழுந்து விரிந்தது.

கேட்க எப்படி இருக்கிறது? சுத்தமான ட்ரெமலோ என்று வாதிட மாட்டேன். இறக்கத்தில் ஒலி கறுக்கிறது, ஏற்றத்தில் வெளுக்கிறது. டோன் குமிழை யாரோ சீராகத் திருப்புவதற்கும் இதற்கும் உறவு உண்டு. ஆனால் குழுவோடு வாசிக்கும்போது இதுதான் சரி. பேஸ் டிரம் அடியோடு என் விரலின் தட்டு எந்தக் கணத்தில் சேர்ந்தாலும் முழு கனத்தோடு விழுகிறது. மேலே துடிப்பு தன் வேகத்தில் ஓடுகிறது. தாளம் இழுத்தாலும் முந்தினாலும் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. டேப் டெம்போ என்ற தேவையே எழவில்லை. ஒலியைப் பிரித்து மீண்டும் சேர்க்கும் பிளெண்ட் பெடல்களில் ஒரு பாதை தலைகீழாக வந்தால் அடிப்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும் ஆபத்து உண்டு. இங்கே பாதை ஒன்றுதான். அந்தக் கவலை இல்லை.

பழைய முழு ட்ரெமலோவும் சில இடங்களில் வேண்டும். பேஸ் தனியாக ஒலிக்கும் முன்னிசையில் அதன் அழகே வேறு. அதனால் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு சிறிய டாகிள் சுவிட்ச் வைத்தேன். சுவிட்சை மூடினால் கெப்பாசிட்டர் விலகி எல்லா ஒலியும் துடிக்கும். திறந்தால் அடி நிற்கும். பெட்டியில் துளை போட்டதும் சுவிட்சை முடுக்கியதும் சாதாரண வேலை. கடலோரக் காற்றில் ஜாக்குகளின் வில் துருப்பிடித்திருந்ததால் இரண்டையும் புதிதாக மாற்றி, குமிழ்களுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். காசிமேட்டில் வாசிப்பவர்களுக்கு இது வருடாந்திர வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெடலை மாட்டும் இடமும் முக்கியம். ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரெசர் இருந்தால் அது ட்ரெமலோவுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் ட்ரெமலோ இறக்கிய இடத்தை அது மறுபடி தூக்கிவிடும், துடிப்பு தட்டையாகும். ஒலியைக் கரடாக்கும் ஃபஸ் பெடல் வைப்பவர்களும் முன்னாலேயே வைக்க வேண்டும். இணைச்சுரங்கள் பெருகி வருவதால் அடி நிற்கும் நிலையில் ட்ரெமலோ பளிச்சென்று கேட்கும். தேய்ந்த பழைய கம்பிகளில் மேல்பகுதி மங்கிப்போய்த் துடிப்பு சரியாகத் தெரியாது. மெதுவான பாட்டுக்கு வேகத்தை விநாடிக்கு இரண்டரை அளவில் வைக்கிறேன். நிமிடத்துக்கு 72 அடி போகும் பாட்டில் அரை அடிக்கு ஒரு துடிப்பு என்று கிட்டத்தட்ட இணங்கிப் போகும். ஆழம் முக்கால் அளவு. அடி நிற்பதால் இவ்வளவு தைரியமாகக் கூட்ட முடிகிறது. இழந்த சராசரி ஒலியைப் பெடலின் வால்யூம் குமிழால் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன்.

இதைச் செய்ய விரும்புகிறவர்கள் கெப்பாசிட்டரின் அளவைத் தங்கள் வாசிப்புக்கேற்ப மாற்றலாம். 10 நானோ ஃபாரட் போட்டால் துடிப்பு மேலே நகர்ந்துவிடும்; 165 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல்தான் அசையும். கட்டை விரலால் அறைந்து வாசிப்பவர்களுக்கு அது பொருந்தும். 47 நானோ ஃபாரட் போட்டால் துடிப்பு கீழே இறங்கி, 82 ஹெர்ட்ஸில் நான்கு டெசிபல் அசைவு தெரியும். ஈ சுரமும் ஒன்றரை டெசிபல் ஆடும். தனியாக வாசிக்க அது இனிமை, குழுவில் எனக்கு அதிகம். ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்கள் 22லேயே இருக்கலாம். பி கம்பி அதில் ஈயைவிடவும் உறுதியாக நிற்கிறது. ஆனால் உள்ளீட்டுக் கெப்பாசிட்டரை மட்டும் 473க்குப் பதிலாக 104 ஆக்கிவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அதற்கும் இடம் இருக்கும்.